போர்க்காலப் படங்களும் பெட்டி ஆவணங்களும்: போடிநாயக்கனூர் மலைச்சாரலை முன்வைத்து

தேனி மாவட்டம் உத்தமபாளையத்தில், கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில், தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் அருகே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பாண்டிய நாட்டு மலைகள் பலவற்றில் சமண அறம் தழைக்கப் பாடுபட்ட அச்சணந்தியின் பெயர் அக்கல்வெட்டுகளில் காணப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பெயர் மறையாமல் நிற்பதற்குச் சிற்பியின் உளித்திறம் மட்டும் காரணமன்று. உருவம் செய்வித்தோர் பெயரை அதன் அருகிலேயே எழுதிவைத்த நல்வழக்கமே காரணம்.

அப்பாறையிலிருந்து வடக்கே, ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையும் தொலைவில், ஏலமலையின் அடிவாரத்தில் போடிநாயக்கனூர் அமைந்துள்ளது. அவ்வூரிலும் தமிழகத்தின் பிற ஊர்களிலும் பழைய குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து நிழற்படங்களும் கடிதங்களும் கணக்கேடுகளும் எஞ்சியிருக்கின்றன. அப்படங்களுள் பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் ஓர் எழுத்தும் இல்லை. படத்தில் நிற்பவர் இன்னார் என்று சொல்லக்கூடியவர் இன்று தொண்ணூறு வயதை எட்டியிருப்பார். அவர் கண்மூடும் நாளில் படம் அழியாது. படத்தில் இருப்பவர் அழிந்துபோவார். கல்லில் பெயர் பொறித்த மரபினர், தாளில் பெயர் எழுத மறந்தால் நேரும் இழப்பு இதுவே.

தண்டவாளம் பெயர்க்கப்பட்ட ஊர்

போடியில் குண்டு விழவில்லை. ஆயினும் போர் அவ்வூரின் இருப்புப்பாதையையே எடுத்துச் சென்றது.

மலைச்சரக்கு இறங்கும் வாயிலாக அவ்வூர் நெடுங்காலம் விளங்கியது. மூணாறுப் பகுதித் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை சிறு இரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே குரங்கணிப் பக்கம் இறங்கி, வண்டிகளில் போடியை அடைந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அம்மலை இரயிலை அழித்தது. பின்னர், மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நீளமுள்ள மீட்டர் கேஜ் பாதை 1928ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஏலக்காயும் காப்பியும் தேயிலையும் இரயிலேறின.

இவ்வசதி பதினான்கு ஆண்டுகளே நீடித்தது. போருக்கு இரும்பு தேவைப்பட்டது. இந்தியாவின் கிளைப்பாதைகள் பலவற்றிலிருந்து தண்டவாளங்கள் கழற்றப்பட்டன; அவற்றுள் ஒரு பகுதி மத்தியக் கிழக்குப் போர்முனைகளுக்குக் கப்பலேறியது. மலபாரில் ஷொர்ணூர் – நிலம்பூர்ப் பாதை 1941இல் பெயர்க்கப்பட்டது. 1942இல் போடிப் பாதையும் பெயர்க்கப்பட்டது. அது மீண்டும் போடப்பட்டது 1953–54ஆம் ஆண்டுகளில்தான். 1940இல் போடியில் பிறந்த குழந்தை, தன் ஊருக்கு இரயில் வந்து நின்றதைப் பதின்மூன்று, பதினான்கு வயதில்தான் கண்டிருக்க முடியும்.

2010ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மறுபடியும் நின்ற இரயில், 2023 ஜூன் மாதம் போடிக்குத் திரும்பியது. அந்நிகழ்ச்சியைக் கைப்பேசிகள் எத்தனையோ கோணங்களில் படம் பிடித்தன. 1942இன் நிலை வேறு. தண்டவாளம் பெயர்க்கப்பட்டதை அரசுக் கோப்பு ஓர் ஆணையாகக் குறித்து முடித்துவிடும். அதன்பின் ஏலக்காய் மூட்டைகளை எவ்வழியாக அனுப்பினர், வண்டிச்சத்தம் எவ்வளவு ஏறியது, எந்த வணிகர் தொழிலை விட்டார் என்பவற்றை வணிகர் வீட்டுக் கணக்கேடுகளும் வாடகைச் சீட்டுகளும் மட்டுமே சொல்ல வல்லவை. வீசையும் துலாமும் தமிழ் எண்களும் நிரம்பிய அவ்வேடுகள், படிக்கத் தெரிந்தோர் குறைந்துவிட்டமையால், பழைய தாள் விலைக்குப் போகும் நிலையில் உள்ளன.

ஒரு மலை, இரண்டு அரசுகள்

போடிச் சாரலின் ஆவணங்களுக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு. அடிவாரம் பிரிட்டிஷ் சென்னை மாகாணத்தின் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலைப் பகுதிகள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தன. தோட்டம் மேலே, வீடு கீழே. கூலி மேலே, குடும்பம் கீழே என்று வாழ்ந்தவர்களின் தாள்கள் இரண்டு அரசுகளின் முத்திரைகளையும் தாங்கின.

மேலே சக்கரக் கணக்கு, கீழே ரூபாய் அணாக் கணக்கு. திருவிதாங்கூருக்கு ‘அஞ்சல்’ என்னும் சொந்தத் தபால்துறை 1951 வரை இருந்தது. ஆகவே மலையில் எழுதிய கடிதத்தில் மன்னர் தலையும், ஊரில் எழுதிய கடிதத்தில் ஆறாம் ஜார்ஜின் தலையும் இருக்கும். ஆண்டுக் கணக்கும் வேறுபட்டது. தண்டவாளம் பெயர்ந்த 1942ஆம் ஆண்டைத் தமிழ்க் கணக்கேடு, சித்திரை முதலாகச் சித்திரபானு என்று குறிக்கும். திருவிதாங்கூர்ச் சீட்டு ஆவணி பிறக்கும் வரை கொல்லம் 1117 என்றும், அதன்பின் 1118 என்றும் எழுதும். சமண இல்லத்து நோன்புக் குறிப்பு, தீபாவளி வரை வீர நிர்வாண ஆண்டு 2468 என்றும், அதன்பின் 2469 என்றும் எழுதும். நான்கு எண்களும் ஒரே ஆண்டையே சுட்டுகின்றன என்பதை அறியாதவர், ஒரு குடும்பத்தின் தாள்களைத் தொடர்பற்றவை என்று கருதிப் பிரித்துவிடுவர்.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. வெளியரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூர் கடும் உணவு நெருக்கடிக்கு உள்ளானது. உணவுப் பயிரிடுவதற்காக மலைக்காட்டு நிலங்களைச் சமஸ்தான அரசு குத்தகைக்கு விட்டது. இரு பக்கங்களிலும் பங்கீட்டு முறை வந்தது. அக்காலத்து ரேஷன் அட்டை வெறும் அரிசிச் சீட்டன்று. வீட்டில் எத்தனை பேர் இருந்தனர் என்பதற்கு எழுத்துச் சான்று. குத்தகைச் சீட்டும் அத்தகையதே. ஏலமலை நிலங்களைப் பற்றிய 1897ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அறிவிப்பு இன்றளவும் நீதிமன்றத்தில் வாதப் பொருளாக இருப்பதை நோக்கினால், பழந்தாள் பயனற்றது என்று யாரும் கூறத் துணியமாட்டார்.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலை கேரளத்தோடும் அடிவாரம் சென்னை மாநிலத்தோடும் நின்றன. அரசுப் பதிவுகளும் அவ்வாறே பிரிந்தன. மலைக்கும் ஊருக்கும் இடையே நடந்த வாழ்க்கையை ஒருசேரக் காட்டுவன குடும்பப் பெட்டிகளே.

கடல் கடந்தோரும் களம் சென்றோரும்

1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னை நகரம் பாதி காலியாயிற்று. எழும்பூரில் இருந்த அரசு ஆவணக் களரியின் பதிவுகள் சித்தூர்ப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் போருக்குப்பின் மீண்டன. அரசு தன் தாள்களைக் காத்துக்கொண்டது. கடல் கடந்து சென்ற ஏழை மக்களின் தாள்களைக் காக்கத்தான் எவரும் இல்லை.

மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து பர்மா, மலேயா, இலங்கை சென்றோர் பலர். 1941 டிசம்பரில் இரங்கூனில் குண்டு விழுந்தபின், ஏறக்குறைய நான்கு இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். அவர்களுள் மலைக்காடுகள் வழியே நடந்து வந்தோர் மிகப் பலர். வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்ததும், மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த மணியார்டரும் கடிதமும் நின்றன. மலேயாத் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சயாம் – பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது.

அப்பாதை வேலையில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் உள்ளன. அவற்றின் மேல் பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக மாண்ட ஆசியத் தொழிலாளர்க்கு அத்தகைய பெயர்ப்பலகை இல்லை. 2023ஆம் ஆண்டு அங்கே தமிழர்க்கென ஒரு நடுகல் நாட்டப்பட்டது. நடுகல்லில் இறந்தவனின் பெயரைப் பொறிப்பது தமிழர் மரபு. ஆனால் அந்நடுகல்லின்மேல் எழுதத்தக்க பெயர்ப்பட்டியல் எந்த அரசிடமும் முழுமையாக இல்லை. பினாங்கிலோ இரங்கூனிலோ எடுத்து ஊருக்கு அனுப்பிய ஒரு ஸ்டூடியோப் படம், அதன் அட்டையில் அழுத்திய கடையின் முத்திரை, மணியார்டர்ச் சீட்டில் உள்ள தோட்டத்தின் பெயர் ஆகியவையே அம்மனிதர் அங்கு வாழ்ந்ததற்குச் சான்று.

படையில் சேர்ந்தோர் நிலை சற்று மேலானது. அவர்களுக்குப் பதிவுண்டு. எனினும் போர்க்கடிதத்தில் ஊர்ப்பெயர் எழுதத் தடை இருந்தமையால், களத்தபால் நிலையத்தின் எண்ணும் தணிக்கை முத்திரையும் மட்டுமே இருக்கும். அவ்வெண்ணைக் கொண்டு அவர் எப்படையோடு எங்கே இருந்தார் என்று கண்டறியலாம். இந்தியப் படையினர் பெற்ற பதக்கங்களில் பெரும்பாலும் படையெண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைப் புளியிட்டுத் துலக்குவது அப்பெயரைத் தேய்ப்பதாகும்.

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணருக்குப் போர்க்காலத் தாள்கள் எதற்கு என்னும் வினா எழலாம். போரைப் புகழ்வதற்காக அன்று. போர் எளிய குடும்பங்களுக்கு என்ன செய்தது என்பதைப் புனைவின்றிச் சொல்லும் சான்று அவற்றினும் வேறில்லை. அகிம்சையை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க, நடைபாதையில் மறைந்த ஒருவரின் படம் பத்துச் சொற்பொழிவுகளினும் வலிமையுடையது.

ஏடு காத்த மரபு

பழையதைக் காப்பதிலும் பகிர்வதிலும் சமணரின் பட்டறிவு பெரிது. அதில் இரண்டு பாடங்கள் சிறப்பாக நினைக்கத்தக்கவை.

முதலாவது மூடபித்திரியின் பாடம். 9ஆம் நூற்றாண்டில் வீரசேனாசாரியார் இயற்றிய தவளம் என்னும் பேருரையின் பழைய ஓலைப்படிகள், கன்னட நாட்டு மூடபித்திரியில் நூற்றாண்டுகளாகப் பேணப்பட்டன. வணங்குவதற்கு மட்டுமே அவை வெளியே வந்தன, படிப்பதற்கு வரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கத் தொடங்கி, பல தடைகளைக் கடந்து, 1939ஆம் ஆண்டு பேராசிரியர் ஹீராலால் ஜெயின் பதிப்பில் முதல் தொகுதி அச்சேறியது. உலகப் போர் மூண்ட அதே ஆண்டு அது. காத்தவர்களின் பொறுமை போற்றத்தக்கது. ஆயினும் படியெடுத்துப் பரப்பிய பின்னரே அந்நூல் மக்களுக்கு உரியதாயிற்று. ஒற்றைப் படியாக ஓரிடத்தில் இருக்கும் பொருளுக்கு ஒரு தீ, ஒரு வெள்ளம், ஒரு கரையான் புற்று போதும்.

இரண்டாவது குடந்தையின் பாடம். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்ட உ.வே. சாமிநாதையருக்கு ஏடுகள் கிடைத்தன, பொருள் விளங்கவில்லை. குடந்தைச் சமணர் இல்லங்களில் அந்நூல் வழிவழியாகப் படிக்கப்பட்டு வந்தது. வீடூர் அப்பாசாமி நயினார், சந்திரநாத செட்டியார் முதலிய பெருமக்கள் சமண நூற்பொருளையும் வழக்குகளையும் விளக்கினர். 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. ஏடு மட்டும் போதாது, ஏட்டை அறிந்தவரின் வாய்மொழியும் வேண்டும் என்பதை அவ்வரலாறு காட்டுகிறது. நிழற்படத்திற்கும் இது பொருந்தும். படத்தைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதில் இருப்பவர்களை அறிந்த பாட்டியிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் இருப்பது பாதுகாப்பு ஆகாது.

உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் நூலைத் தருவதையும் சமணம் வைத்தது. சுருத பஞ்சமி நாளில் நூல்களை வெளியே எடுத்துத் தூசு தட்டி, புதுத்துணி சுற்றி வழிபடும் வழக்கம் அறமும் ஆகும், ஆவணப் பாதுகாப்பும் ஆகும்.

படங்களைக் காக்கும் முறை

மலைச்சாரலின் ஈரக்காற்று படங்களுக்குப் பகை. ஈரத்தில் பூஞ்சை படரும். வெள்ளிப்பூச்சி தாளையும் பசையையும் தின்னும். பெட்டியைத் தரையிலோ வெளிச்சுவர் ஓரத்திலோ வைக்காமல், வீட்டின் நடு அறையில், காற்றோட்டமுள்ள அலமாரியில் வைத்தல் நன்று. படங்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல், அமிலமற்ற தாளை இடையிட்டு அடுக்கவேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே படியெடுத்துவிடலாம்.

கிழிந்த தாளைச் செல்லோ டேப்பால் ஒட்டுவதும், படத்தை லேமினேஷன் செய்வதும் கூடா. இரண்டும் சில ஆண்டுகளில் மூலத்தைக் கெடுக்கும். திரும்ப நீக்கவும் இயலாது. பெயரைப் படத்தின் பின்புறம், ஓரத்தில், மென்மையான பென்சிலால் எழுதவேண்டும். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும், மையும் ஊறும். பழைய பிலிம் சுருளில் காடி நாற்றம் எழுந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதனைப் பிறவற்றிலிருந்து பிரித்து, முதலில் படியெடுக்கவேண்டும்.

ஸ்கேன் செய்யும்போது 600 டி.பி.ஐ. அளவு சிறிய படங்களுக்கு ஏற்றது. படத்தின் பின்பக்கத்தையும், அட்டையையும், உறையையும் சேர்த்தே எடுக்கவேண்டும். ஸ்டூடியோவின் பெயரும் தபால் முத்திரையும் அங்குதான் இருக்கும். படிகள் மூன்றேனும் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் இருக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுட்பம் குறைந்து சுருங்கும். சில நாட்களில் பெயரும் விவரமும் பிரிந்து படம் மட்டும் அலையும். கோப்பாக அனுப்பி, கோப்பின் பெயரிலேயே ஆளின் பெயரையும் ஆண்டையும் ஊரையும் எழுதுவது முறை.

பழைய படங்களுக்கு வண்ணமூட்டி, முகத்தைத் திருத்தும் செயலிகள் இன்று பெருகியுள்ளன. அவை தருவது புதிய படம்; சான்று அன்று. திருத்திய படத்தை விரும்புவோர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் திருத்தாத படியை அதனோடு கலவாமல் தனியே காப்பது வாய்மை நோன்புக்கு இசைந்தது. ஆண்டு உறுதியில்லை எனில் ‘ஏறக்குறைய’ என்று எழுதுக. ஊகத்தை உண்மையாக எழுதற்க.

பகிர்தலின் அறம்

மூலத்தைப் பறிகொடுக்காமலேயே பகிரலாம் என்பதைப் பல முயற்சிகள் மெய்ப்பித்துள்ளன. பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழிந்துவரும் ஆவணங்கள் திட்டம்’ 2004 முதல் உலகின் பல நாடுகளில் பணிபுரிகிறது. மூலங்கள் உரியவரிடமோ உரிய நாட்டிலோ இருக்க, மின்படிகளே பொதுவில் வைக்கப்படுகின்றன. அத்திட்டத்தின் உதவியோடு புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைப் படியெடுத்துக் காத்துள்ளது. மூடப்பட்ட ஸ்டூடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ்கள் கழுவப்பட்டு வெறும் கண்ணாடியாக விலைபோன காலத்தில் அப்பணி நடந்தது என்பதால் அதன் அருமை புலனாகும்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 2008இல் முதல் உலகப் போர்க்கால வீட்டுப் பொருள்களைப் பொதுமக்களிடமிருந்து திரட்டத் தொடங்கியது. 2011 முதல் அம்முறை ஐரோப்பிய நாடுகளுக்குப் பரவியது. குறித்த நாளில் மக்கள் தம் வீட்டுப் படங்களோடும் கடிதங்களோடும் ஒரு மண்டபத்திற்கு வருவர். அங்கேயே படியெடுத்து, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு, மூலத்தைக் கையோடு திருப்பித் தந்துவிடுவர்.

இம்முறை ஜினாலயத் திருவிழாவுக்கு மிகப் பொருந்தும். குடும்பங்கள் ஒன்றுகூடும் நாளில் ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், தமிழ்க் கையெழுத்துப் படிக்கத் தெரிந்த ஒருவர், கணினி அறிந்த இளைஞர் ஒருவர் இருந்தால் போதும். ஒவ்வொரு படத்திற்கும் ஒரு படிவம்: படத்தில் இருப்போர் பெயர், எடுத்த இடம், ஏறக்குறைய ஆண்டு, சொன்னவர் பெயர், சொன்ன நாள். உரியவரின் இசைவின்றி எதனையும் பொதுவில் வைத்தல் கூடாது. பெண்டிர் படங்களையும், கடன், பிணக்கு, நோய் பற்றிய கடிதங்களையும் குடும்பத்திற்குள்ளேயே வைத்துக்கொள்ள உரிமை உண்டு. பகிர்தல் என்பது பிறர் மறைவைத் திறந்துகாட்டுவது அன்று.

மிகுபொருள் விரும்பாமை இல்லறத்தார் நோன்புகளுள் ஒன்று. ‘எங்கள் வீட்டுப் படம், வேறெவரும் காணலாகாது’ என்று பூட்டி வைப்பதிலும் ஒரு பற்று மறைந்துள்ளது. ஒரு குழுப்படத்தில் பன்னிரண்டு பேர் இருந்தால், அது பன்னிரண்டு குடும்பங்களுக்கு உரிய படம். அவற்றுள் ஏதேனும் ஒரு குடும்பத்தில், பாட்டனாரின் முகத்தையே காணாத பேரன் இருக்கக்கூடும். கொடுத்தாலும் குறையாத பொருள் படி. அதனைக் கொடாதிருக்கக் காரணம் ஏதும் இல்லை.

போர் முடிந்த 1945இல் பத்து வயது நிரம்பியிருந்தோர்க்கு இன்று தொண்ணூறு வயது. தண்டவாளம் பெயர்ந்ததையும், பர்மாவிலிருந்து நடந்து வந்தோரையும், ரேஷன் கடை வரிசையையும் கண்ணால் கண்டவர் அவர்களே. ஸ்கேனர் அடுத்த ஆண்டும் கிடைக்கும்; அவர்கள் நினைவு அடுத்த ஆண்டு கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே முதலில் செய்யவேண்டியது பெட்டியைத் திறப்பதும், வீட்டில் மூத்தவர் அருகில் அமர்ந்து ஒவ்வொரு படமாகக் காட்டி, ‘இவர் யார்?’ என்று கேட்பதும், அவர் சொல்லும் பெயரைப் பென்சிலால் எழுதுவதுமே ஆகும். இவ்விழா நாளிலேயே அதனைத் தொடங்கலாம்.